கயிறு யார் கையில்

1

நேற்று குப்புசாமிக்கு முதல் தெவசம். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் ஊரில் இலை போட்டுப் படைத்ததை, இந்தப் பாலைவனத்தில் ஒரு தகரக் கொட்டகை நிழலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்த்தேன். விசாவுக்காகப் புத்தூரில் எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் அதட்டி எடுத்த படம். அவன் சிரிக்காமல் இருந்த நிமிஷங்களே குறைவு. பாவி, கடைசியில் அதில் ஒன்றுதான் சுவரில் நிலைத்தது.

இலையில் கேழ்வரகுக் களி, கோழிக்குழம்பு, உளுந்து வடை. கற்பூரம் காட்டி முடித்ததும் அவன் அக்கா செல்வி போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"அண்ணா, நடுக் கொழா எப்படி வருது?"

"தெளிவாத்தான் வருதும்மா. கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான்."

"கறுப்பு?"

"கறுப்பு வரல."

"வந்தா சொல்லிடுங்க. எங்கிட்ட மறைக்காதீங்க."

மாந்தோப்பும் கொஞ்சம் நெல்லும் வைத்துப் பிழைக்கிற பெண். கடலைப் பார்த்ததுகூட ஒரே ஒரு முறைதான். அவளுக்கு எதற்கு இந்த நாட்டு எண்ணெய் வயலில் ஒரு தொட்டியின் நடுக் குழாய்? காரணம் இதுதான். அந்தக் குழாயில் கறுப்பு வந்தால் தொட்டியைத் திறப்பார்கள். திறந்தால் உள்ளே இறங்கிச் சேறு வாருகிறவன் அவள் புருஷன் முனிரத்தினம். போன வருஷம் அவள் தம்பி குப்புசாமி செத்ததும் அதே தொட்டிக்குள்தான்.

முனிரத்தினம் அப்போது எனக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தான். போனின் கண்ணுக்குப் படாமல் தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தெவசத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அங்கே நிற்பது செல்விக்குத் தெரியும். கேட்கவில்லை. ஒரு வருஷமாக அவள் அவனோடு பேசுவதில்லை. பிள்ளைகள் பேசுவார்கள், அவன் அம்மா பேசுவாள். செல்விக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவாள்.

இந்த நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனியின் பெயரையும் எழுத மாட்டேன். எனக்கும் இங்கே ஒரு பிழைப்பு இருக்கிறது. மற்றதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

2

எண்ணெய்க் கிணறு என்றால் எண்ணெய்தான் வரும் என்று நகரியில் என் உறவுக்காரர்கள் இன்னும் நம்புகிறார்கள். "உனக்கென்னடா, பெட்ரோல்ல குளிக்கிற" என்பார்கள். வருவதில் பெரும்பங்கு தண்ணீர். கிணறு கிழடாக ஆக எண்ணெய் குறையும், தண்ணீர் ஏறும். உப்புத் தண்ணீர், கொதிக்கக் கொதிக்க, அழுகின முட்டை நாற்றத்தோடு வரும். எண்ணெயை எடுத்துக்கொண்டு மிச்சத் தண்ணீரை ஒரு கல்யாண மண்டபம் உயரத்துக்கு இருக்கும் இரும்புத் தொட்டிகளில் நிறுத்தி, வடிகட்டி, திரும்பவும் பூமிக்குள்ளேயே இறக்குவார்கள். அந்தத் தண்ணீருக்கு மருந்து போடுவது என் வேலை. கெமிக்கல் சார் என்பார்கள். திருப்பதியில் படித்த பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இந்தக் கழிவுத் தண்ணீருக்குத்தான் உதவியது.

தண்ணீர் சும்மா வராது. மணல் வரும், துரு வரும், மெழுகு வரும். அதில் ஒருவகைக் கிருமி உட்கார்ந்து விஷவாயுவை விடும். அந்த வாயு இரும்பைத் தின்று கண் மை போல ஒரு கறுப்புத் தூளாக்கும். அந்தத் தூள்மேல் எண்ணெய் பூசிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து தொட்டியின் அடியில் இறங்கி, நாளாக நாளாகத் தார் மாதிரி ஒரு சேறாகக் கெட்டிப்படும். அந்தச் சேற்றுக்குள் வாயு சிறைப்பட்டிருக்கும். மண்வெட்டி பட்டால் வெளியே வரும். வந்தால் ஆளைக் கேட்காது.

நான் போடுகிற மருந்து அந்தச் சேற்றைப் பிறக்கவிடாமல் செய்வது. ஒன்று கிருமியைக் கொல்லும், கறுப்புத் தூளைக் கரைக்கும். இன்னொன்று மணல்மேல் ஒட்டின எண்ணெயைச் சோப்புப் போல உரித்துவிடும். உரிந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டாது. தண்ணீரோடு மிதந்து போய் வடிகட்டியில் மாட்டும். வடிகட்டியைக் கழுவ மெஷின் இருக்கிறது, மனிதன் வேண்டாம். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் சொட்டு சொட்டாகப் போட வேண்டும். அதிகமானால் எண்ணெயும் தண்ணீரும் மோர் மாதிரி கலந்துகொண்டு மேலே உள்ளவர்கள் என் கழுத்தைப் பிடிப்பார்கள். குறைந்தால் சேறு ஏறும்.

என் நைனாவுக்கு நகரியில் சாயப்பட்டறை. கழிவுத் தொட்டியில் படிகாரத்தைக் கொட்டி, சாயத்தையெல்லாம் அடியில் இறக்கிவிட்டு மேல்தண்ணீரைச் சாக்கடையில் விடுவார். எங்கள் தெருச் சாக்கடை ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். என் வேலையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நான் கீழ எறக்கறதுக்குப் போடறேன், நீ எறங்காம இருக்கறதுக்குப் போடறியா? யாரு புத்திசாலிடா நம்ம ரெண்டு பேர்ல?" அவர் தொட்டியையும் ஒருவன் இறங்கித்தான் வாரினான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. இப்போது அது உறுத்துகிறது.

தொட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று சின்னக் குழாய்கள் உண்டு. கீழ்க் குழாயில் எப்போதும் கொஞ்சம் கறுப்பு வரும், அதைப் பற்றிக் கவலையில்லை. நடுக் குழாயில் கறுப்பு வந்தால் சேறு அந்த உயரத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். பிறகு மருந்து செல்லாது. காலி செய்து, திறந்து, ஆளை இறக்க வேண்டியதுதான்.

3

முனிரத்தினமும் குப்புசாமியும் இங்கே வந்தது கிணற்றால். நாகலாபுரம், சத்தியவேடு பக்கம் பெரிய பெரிய வட்டக் கிணறுகள். கோடையில் தூர் வாருகிற கூட்டத்தில் இவர்கள் இருந்தார்கள். போர் போடும் வண்டிகள் வந்த பிறகு கிணற்றை யார் தூர் வாரினார்கள்? குப்பை கொட்டினார்கள். வேலை போனது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஏஜெண்டு, சேறு வாரத் தெரிந்தவன் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான். அவன் வைத்த பரீட்சையை முனிரத்தினம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அடி இல்லாத ஒரு பீப்பாயைப் படுக்கப் போட்டு, உள்ளே நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வரச் சொன்னானாம். "இவ்ளோதானா? இன்னொரு தபா போயி வரட்டா?" என்று குப்புசாமி அவனைக் கேட்டானாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மேல் நுனி கரையில் நிற்கும் ஒருவன் கையில். அந்த ஒருவன் இறங்குகிறவனின் மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். அவன் வரவில்லையென்றால் அன்றைக்கு இவன் இறங்க மாட்டான். அண்ணன் தம்பி இருந்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்.

ஏன் என்று கேட்டேன். முனிரத்தினம் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"பங்காளிக்கு நெலத்துல கண்ணு இருக்கும்ணா. கயிறு கொஞ்சம் வழுக்குனா அவனுக்கு ஒண்ணும் நட்டமில்ல. மச்சானுக்கு அப்படியா? அவன் அக்காதான முண்டச்சியாவுது? உசிரக் குடுத்தாவது இழுப்பான்."

செல்விக்குக் கல்யாணம் ஆனபோது குப்புசாமி மீசை முளைக்காதவன். அப்போதிருந்து மாமாவின் கயிறு அவன் கையில்தான். கயிற்றை வைத்தே இருவரும் பேசிக்கொள்வார்கள். ஒரு சுண்டு சுண்டினால் கூடையை இழு. விடாமல் ஆட்டினால் நான் மாட்டிக்கொண்டேன், என்னை இழு. அதற்கு வாய்ப்பேச்சு வேண்டாம்.

இங்கே கம்பெனியில் சட்டம் வேறு. தொட்டியின் வாயில் ஒரு காவலாள் நிற்பான். கயிறு அவன் கையில். உள்ளே என்ன நடந்தாலும் அவன் நுழையக் கூடாது. ஊதலை ஊத வேண்டும், மூச்சுக் கருவியோடு தயாராக நிற்கும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். உள்ளே இருப்பவனுக்குச் சொந்தக்காரன் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதினவன் விவரமானவன். அதை இந்தியில் படித்துச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர்கள், இந்திக்குத் தலையை ஆட்டினார்கள். தாளில் இவர்கள் இருவரும் சொந்தம் என்று எங்கேயும் இல்லை. அப்பா பெயர் வேறு, ஊர் வேறு. பாரத்தில் மச்சானுக்குக் கட்டமே கிடையாது.

4

போன வருஷம் மருந்து தீர்ந்துபோனது. புதுச் சரக்கு கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கிவிட்டது. வெளியே வரவில்லை. கிருமியைக் கொல்லுகிற சரக்கென்றால் அது விவசாய இலாகா பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது என்று அந்த ஊர்ச் சுங்கத்தில் ஒரு ஏற்பாடு. விவசாய இலாகா கேட்டது: இது எந்தப் பயிருக்கு?

பயிருக்கு இல்லை, எண்ணெய் வயலுக்கு என்று எழுதினோம். வயல் என்றால் பயிர் இருக்குமே, பெயரைக் குறிப்பிடவும் என்று பதில் வந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் ஆள் ஒவ்வொரு வாரமும் போய் நின்றான். ஒரு அதிகாரி லீவு, ஒரு அதிகாரி மாற்றல், முத்திரை வேறு கட்டடத்தில். நானும் மேலே உள்ளவர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தேன், நடுக் குழாய் கலங்குகிறது, நடுக் குழாய் கறுக்கிறது என்று. பீப்பாய்கள் துறைமுக வெயிலில் கிடந்தன. ஒரு காலை நடுக் குழாயைத் திறந்தேன். தாராகக் கொட்டியது. தொட்டியைத் திறக்க உத்தரவு வந்தது.

அன்றைக்குக் காவலாளாகப் போட்டிருந்தது பிரேம் என்ற நேபாளத்துக்காரனை. குப்புசாமிக்குச் சேறு உறிஞ்சும் லாரியின் பக்கத்தில், நிழலில் வேலை. முனிரத்தினம் முகமூடியும் காற்றுக் குழாயும் மாட்டிக்கொண்டு நுழையும் நேரத்துக்கு, குப்புசாமி பிரேமின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறான். பாஷை கிடையாது. முனிரத்தினத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "மாமா, மாமா" என்றிருக்கிறான். பிரேம் மனமிரங்கினான். அவன் லாரிப் பக்கம் போனான், கயிறு குப்புசாமி கைக்கு வந்தது. முனிரத்தினம் அதைப் பார்த்தான். "அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு ணா" என்றான் என்னிடம். அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

உள்ளே சேறு இடுப்பளவு. கொஞ்ச நேரத்தில் அவன் கால் ஒரு பள்ளத்தில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. வேறொன்றும் இல்லை. முகமூடி சரியாக இருந்தது, காற்று வந்துகொண்டிருந்தது, மூச்சுக்குக் குறைவில்லை. கால் வரவில்லை. அவ்வளவுதான். பழக்கம் விடுமா? கயிற்றைப் பிடித்து விடாமல் ஆட்டினான்.

குப்புசாமி இழுத்திருக்கிறான். வரவில்லை. அவன் கழுத்தில் ஊதல் இருந்தது. மார்பில் மாட்டியிருந்த வாயுக் கருவி கத்திக்கொண்டிருந்தது. ஊதலை அவன் தொடவே இல்லை. மாமாவின் கயிறு ஆடுகிறது. முகமூடி இல்லாமல் அப்படியே உள்ளே பாய்ந்துவிட்டான்.

லாரிப் பக்கத்திலிருந்து பிரேம் பார்த்துக் கத்தினான். ஆட்கள் வந்து இறங்கியபோது முனிரத்தினம் அவன் தலையைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தன் முகமூடியைக் கழற்றி அவனுக்கு மாட்டப் பார்த்திருக்கிறான். கையுறையெல்லாம் எண்ணெய்ச் சேறு, வார் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. வழுக்காமல் இருந்திருந்தால் இரண்டு பெட்டி போயிருக்கும் ஊருக்கு.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குப்புசாமியை மணலில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். பிரேம் லாரிச் சக்கரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். எனக்கு வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியாத கோபம். போதாக்குறைக்கு, காரியமெல்லாம் முடிந்து சில நாளில், விவசாய இலாகா கையெழுத்துப் போட்டுவிட்டது. பீப்பாய்கள் பூ மாதிரி வந்து இறங்கின. உள்ளே வந்த தாளில் பயிர் என்ற இடத்தில் "இதர" என்று போட்டிருந்தார்கள்.

5

ஊருக்கு உடலை அனுப்ப நாங்கள் அலைந்ததை எழுதினால் வேறு கதையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். முனிரத்தினம் சாட்சி, விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். மச்சானை முதலில் அனுப்பிவிட்டு இவன் இங்கே உட்கார்ந்திருந்தான். சென்னையில் இறங்கிய பெட்டி ஊத்துக்கோட்டை வழியாக ஊர் போய்ச் சேரும்வரை போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். "எங்க வந்துக்கினு இருக்காங்க? சுருட்டப்பள்ளி தாண்டிட்டாங்களா?"

அடக்கம் முடிந்த மறுநாள் அவனே செல்வியைக் கூப்பிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம். கம்பெனி சொன்ன கதையே போதும், தவறி விழுந்தான் என்று. இவன் அப்படிப்பட்டவன் இல்லை.

"நாந்தான் செல்வி கயித்த ஆட்டினேன். எனக்கு ஒண்ணுமே இல்ல. காலு மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். நான் ஆட்டினதாலதான் வந்தான்."

செல்வி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. எனக்கு அவள்மேல் வருத்தம் உண்டு. ஆனால் என்ன நியாயம் பேசுவது அவளிடம்? ஒரு பக்கம் புருஷன் பிழைத்துக் கிடக்கிறான், அதற்குச் சந்தோஷப்படக்கூட அவளுக்கு வழியில்லை.

விசாரணை முடிந்தும் அவன் லீவு கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றான். வேறு வேலைக்கு மாற்றிவிடலாம் என்று நான் எங்கெங்கோ பேசினேன். அவன் கார்டில் "தொட்டி சுத்தம்" என்று அச்சடித்திருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் காண்ட்ராக்டர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். காண்ட்ராக்டருக்கு ஆட்சேபணை இருக்கிறது. நன்றாக வேலை தெரிந்தவனை யார் விடுவார்கள்?

என் மகள் தாரிணி இங்கே பத்தாவது படிக்கிறாள். மாதக் கடைசியில் நகரத்துக்குப் போய் அவளையும் அவள் அம்மாவையும் பார்ப்பேன். அப்படிப் போன ஒரு நாள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. முழுக்கவும் ஆங்கிலத்தில் கேட்டாள்: நுழையக் கூடாது என்று சட்டம் இருக்கும்போது அந்த மனிதர் ஏன் நுழைந்தார்? நான் தமிழில் சொன்னேன், மச்சான்மா, அவன் மச்சான். அவளுக்குப் புரியவில்லை. மச்சான் என்றால் அவள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக் கூப்பிடுகிற சொல். உறவை விளக்கினேன். கயிற்றை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா அப்பா, அவர் விசில் ஊதியிருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாங்க இல்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. அப்படியும் எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. குப்புசாமியின் இடத்தில் நின்றால் தானும் அப்படித்தான் பாய்வோம் என்று அவளுக்குக் கடுகளவும் தோன்றவில்லையே என்றுதான் வலித்தது. பிறகு யோசித்தேன். தோன்றாமல் இருப்பதே நல்லதுதான். பிழைத்துக்கொள்வாள்.

6

இந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. தொட்டியைத் திறக்க விடக் கூடாது. மருந்தை நானே போய்ப் பார்த்தேன், பம்பின் ஒவ்வொரு இடியையும் காதால் கேட்டேன். கோடையில் தண்ணீரின் சூடு ஏறி மருந்து பிடிக்காமல் நடுக் குழாய் ஒருமுறை சாம்பல் நிறத்தில் வந்தது. அந்த வாரம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குழாயில் பிடித்த தண்ணீரைப் பாட்டிலில் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, செல்விக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நம்ம ஊரு ஏரித் தண்ணி இதவிட மோசம்ணா" என்று ஒரு முறை சொன்னாள். அவளும் நானும் சிரித்தது அது ஒன்றுதான்.

தெவசத்துக்கு மறுநாள், அதாவது இன்று காலை, வருடாந்தரப் பரிசோதனை. எங்கள் மேலாளர் ஹானி, எகிப்துக்காரர். அவரே வந்து நின்றார். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு நடுக் குழாயைத் திறந்தேன். தெளிந்த தண்ணீர். கீழ்க் குழாயையும் திறக்கச் சொன்னார். லேசாகக் கறுத்து, உடனே வெளுத்தது. ஹானி என் முதுகில் தட்டினார். தொட்டி இந்த வருஷம் திறக்க வேண்டியதில்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் செல்வியைக் கூப்பிட்டேன்.

"தொட்டியத் தெறக்கலம்மா. எழுதிக் குடுத்துட்டாங்க."

"நெசமாவா ணா?"

"நெசம்."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு, "எப்பிடி வுட்டாங்க? போன வருஷம் தெறந்தே ஆவணும்னு நின்னாங்களே" என்றாள்.

"மருந்து வேலை செய்யுதும்மா. சேறு அடியில தங்கறதே இல்ல." சந்தோஷத்தில் வாய் ஓடியது எனக்கு. கிருமி, தூள், சோப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன்.

"புது மருந்தா ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. பழசுதான்."

"அப்ப போன வருஷம் அது எங்க இருந்திச்சு?"

அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. கயிற்றைப் பற்றித் தெரியும். பீப்பாய்களைப் பற்றித் தெரியாது.

"ஹார்பர்ல. வெயில்ல கெடந்திச்சு. எந்தப் பயிருக்கு அடிக்கிற மருந்துன்னு கேட்டுக்கினு இருந்தாங்க."

  

"எங்க ஊர்ல பூச்சிமருந்துக் கடையில போயி நின்னா ஒருத்தனும் கேக்க மாட்டான் ணா, எந்தப் பயிருக்குன்னு" என்றாள் செல்வி. அப்புறம் உடைந்துவிட்டாள். "அவரு கயித்த ஆட்டினாருன்னு ஒரு வருஷமா நான்... அவுரு பக்கத்துல இருக்காரா ணா?"

"இருக்கான். கொஞ்சம் இரு."

போனைக் கையில் பிடித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் ஓடினேன். இந்த வயதில் அந்த வெயிலில் ஓடியது நான்தானா என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே தொட்டி ஆட்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகமூடிகள், ரப்பர் பூட்ஸ், மண்வெட்டிகள்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"தெக்கால எண்ணெ ஸ்டேஷனுக்கு ணா" என்றான் முனிரத்தினம். "இங்க தெறக்கலன்னு ஆயிடுச்சு இல்ல. சும்மா ஒக்கார வெச்சி சோறு போடுவாங்களா? அங்க ஒரு தொட்டி ரொம்பிப்போயி கெடக்குதாம். நாளைக்கு எறங்கணும்."

"அங்க மருந்து போடறாங்களா?"

"மருந்தா? பம்பே இல்ல அங்க."

ஒரு வருஷம் காத்து நின்றேன், ஒரு தொட்டியை. மூடின தொட்டியிலிருந்து ஆளைத் தூக்கி இன்னொரு தொட்டியில் இறக்குகிறார்கள். இது ஏன் எனக்கு முன்பே உறைக்கவில்லை?

போனை நீட்டினேன். அவன் திரையில் பெயரைப் பார்த்தான். கையுறையை அவசரமாகக் கழற்றப் பார்த்தான், வரவில்லை. "நானே பிடிச்சிக்கறேன், பேசு" என்று சொல்லி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"இன்னான்னு ணா பேசறது?" என்று என்னைக் கேட்டான். பிறகு போனிடம் குனிந்தான். "ஆலோ."

இன்னும் கிட்டே குனிந்தான்.

"செல்வி. துன்னியா?"

"ம்."

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். முனிரத்தினத்துக்குப் பொய் வராது என்று சொன்னேன் அல்லவா?

"வேற எடத்துக்குப் போறோம் செல்வி. நாளைக்கு எறங்கணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. கேட்டாள்.

"கயிறு யாரு கையில?"

முனிரத்தினம் லாரியைத் திரும்பிப் பார்த்தான். மேலே பிரேம் உட்கார்ந்து கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஊதல் அவன் கழுத்தில் தொங்கியது.

"பிரேமுன்னு ஒருத்தன். நேபாளத்துக்காரன்."

"நமக்கு ஒறவா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல. பேசற பாஷகூட வேற."

"சரி. அவங்கிட்டயே குடு" என்றாள் செல்வி. "நம்ம ஆளு எவன் வந்து கேட்டாலும் குடுக்காத."